பறவை பார்க்கப் போகுமுன் ஓத நேரம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலோரச் சதுப்புநிலங்களில் பறவை பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் "அதிகாலையில் போங்கள்" என்பதோடு நேரத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது. ஏரிக்கும் குளத்துக்கும் அது சரி. கடலோரச் சேற்றில் பறவைகளின் நாளை நடத்துவது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான்.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றியதும் பறவைகள் சேறெங்கும் பரவி மேயும். உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து, குடுகுடுவென ஓடி, மேலாகக் கிடப்பதைக் கொத்தும். கோட்டான் (ஆந்தை அல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) தன் வளைந்த நீள அலகை ஆழமாக விட்டுப் புழுவை இழுக்கும். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு போனால் பைனாகுலரிலும் இவை வெறும் புள்ளிகள்தான். ஓதம் ஏறத் தொடங்கும்போது போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், தண்ணீரே அவற்றை நம் பக்கம் ஓட்டிக்கொண்டு வரும்.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஓதம் உச்சத்தில் இருக்கும்போது மேய இடமிருக்காது. மிச்சமிருக்கும் மேட்டில் எல்லாம் ஒண்டிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகி ஓய்வெடுக்கும். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வசதியான காட்சி கிடைக்காது. குனிந்து குனிந்து நெருங்குகிறார்கள். முதலில் ஓரத்தில் நிற்கும் ஒன்று தலையைத் தூக்கும். அப்புறம் இரண்டு மூன்று நாலடி நகரும். அங்கேயே நின்று பின்வாங்கினால் கூட்டம் மறுபடி அடங்கிவிடும். இன்னும் ஓரடி வைத்தால் அத்தனையும் எழும்பி, இறங்க வேறு மேடில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மனதுக்கு மிகவும் கஷ்டமான காட்சி அது.

அந்த அலைச்சலில் கரைவது வலசைக்கென்று சேர்த்த கொழுப்பு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்குமே இறங்காமல் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அத்தனை தூரத்துக்கான கொழுப்பை அது சேர்த்ததும் ஓதம் ஏறி இறங்கும் ஒரு சேற்றுக்கரையில்தான்.

எனவே சரணாலயங்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுழைவாயில் பலகையில் திறக்கும், மூடும் நேரத்தோடு அன்றைய ஓத நேரத்தையும் எழுதுங்கள். ஓத உச்சத்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம், பறவைகள் ஒண்டும் மேட்டுக்குப் போகும் பாதையை மட்டும் அடைத்து வையுங்கள். மறைவிடங்களிலிருந்து பார்க்க எந்தத் தடையும் வேண்டாம்.

1971-இல் சதுப்புநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் ஒப்பந்தம் கையெழுத்தான பிப்ரவரி 2-ஐ ஒட்டி உலகமே சதுப்புநிலங்களைப் பற்றிப் பேசுகிறது. சூரியன் உதிக்கும், மறையும் நேரத்தைத் தவறாமல் வெளியிடும் நீங்கள், அந்த நாளிலிருந்தாவது பக்கத்திலேயே ஓத நேரத்தையும் அச்சிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்