செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்தோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டில் நமது அறிவியல் மன்றம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிறு மாலைகளில் நடந்தன. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நாம் அதிகம் உழைத்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறிவியலின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் தவறான செய்திகளுக்கு நம் ஊருக்குள் பதில் சொல்லும் வேலை அது.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். குழுவில் எல்லோரும் பார்க்க "இது பொய்" என்று யாருக்கும் பதில் போடுவதில்லை. அனுப்பியவரிடம் தனியாகப் பேசுவது, முடிந்தால் நேரில் போய்ச் செய்து காட்டுவது. இதற்கு ரொம்ப நாள் பிடிக்கும் என்று சில உறுப்பினர்கள் அப்போது சொன்னார்கள். உண்மைதான், நாள் பிடித்தது. ஆனாலும் அந்த முடிவு சரியென்று உறுதியாகச் சொல்வேன். நாலு பேர் முன்னால் ஒருவரைத் தவறு என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவர் செய்தி உண்மையா என்று யோசிப்பதில்லை, தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

அதிகம் வந்த கேள்வி ரேஷன் அரிசியைப் பற்றியது. "பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள்" என்ற காணொளி மறுபடி சுற்றியது. ஒரு சகோதரி அரிசியைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். "சார், இதுல சில அரிசி தண்ணியில மிதக்குது, நிறமும் வேற மாதிரி இருக்கு. புள்ளைங்களுக்கு எப்படி நம்பிப் போடுறது?" என்று கேட்டார். அவர் பார்த்தது அத்தனையும் உண்மை. சில அரிசி வேறு மாதிரிதான் இருக்கிறது, மிதக்கவும் செய்கிறது. ஏனென்றால் அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து எடுக்கிறார்கள். 2025இல் 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் அதைக் கலந்தார்கள். நெல்லில் விளைந்த மணியைவிட அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இதை வாயால் சொன்னதோடு விடவில்லை. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அவரவர் கொண்டுவந்த அரிசியிலேயே சோதித்துக் காட்டினோம். மிதந்த மணிகளைத் தனியே எடுத்து வேகவைத்து நசுக்கி, மருந்துக்கடையில் வாங்கிய டிஞ்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகிறது. மாவுச்சத்து இருந்தால்தான் அப்படி ஆகும். அதே சொட்டைப் பிளாஸ்டிக் பைத் துண்டில் விட்டால் நிறம் மாறுவதில்லை. நெருப்பில் காட்டினால் அரிசி கருகுகிறது, பிளாஸ்டிக் உருகிச் சொட்டுகிறது. காணொளியில் சோற்றை உருட்டித் தரையில் அடித்து, பந்துபோல் எழும்புவதைக் காட்டுகிறார்களே, அதையும் செய்தோம். வீட்டில் வடித்த நல்ல சோற்றைப் பிசைந்து இறுக்கி உருட்டினாலும் எழும்பத்தான் செய்கிறது. வெந்த மாவுச்சத்தின் பசையும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரும்புச்சத்து கூட்டிய உணவு எல்லோருக்கும் ஒன்றுபோல் ஆகாது, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே சொன்னோம். நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த முறை நம்மை யார் நம்புவார்கள்? அந்தச் சகோதரியே பிறகு தன் தெருவில் நாலைந்து வீடுகளில் அயோடின் சோதனையைச் செய்து காட்டியிருக்கிறார். இந்த ஆண்டு எனக்கு மிகவும் நிறைவு தந்த செய்தி இதுதான்.

செப்டம்பர் 7 ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. அதற்கு முன்பே, கிரகண நேரத்தில் மட்டும்தான் உலக்கை நிமிர்ந்து நிற்கும் என்ற செய்தி படத்தோடு வந்துவிட்டது. ஒரு பாட்டியிடம் உலக்கையை இரவல் வாங்கி, கிரகணத்துக்கு முந்தைய நாள் பட்டப்பகலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினோம். நின்றது. அடுத்த நாள் காலையிலும் நின்றது. அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறது, இரும்புப் பூணின் கனமும் கீழேயே இருக்கிறது. கை நடுங்காமல் வைத்தால் எந்த நாளும் நிற்கும். அன்றிரவு 82 நிமிடம் நிலா முழுவதும் பூமியின் நிழலுக்குள் இருந்தது. பள்ளி மைதானத்தில் கூடியவர்களுக்குச் சுண்டல் கொடுத்தோம். விரதம் இருந்தவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற பழைய செய்தியும் திரும்ப வந்தது. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர். மூன்று விநாடியில் அது 20 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான். ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டுமே இருக்க முடியும். திருநள்ளாறோ நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. இதைச் சொன்ன நம் உறுப்பினர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சனீஸ்வரனைத் தவறாமல் கும்பிடுகிறவர். கோயிலின் பெருமைக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு என்று அவர் கேட்டபோது, செய்தியை அனுப்பிய பெரியவர் ஒப்புக்கொண்டார். நம்பிக்கையை நாம் தொடவில்லை, நாசா சொன்னதாக வந்த பொய்யை மட்டும்தான் எடுத்தோம். இந்த எல்லையை இனியும் காக்க வேண்டும் என்பது என் கருத்து.

தீபாவளி இரவில் எடுத்ததாகச் சொல்லி வழக்கமாக வரும் "விண்வெளியிலிருந்து இந்தியா" படத்துக்கும் பதில் கொடுத்தோம். பல ஆண்டுகளில் இரவு விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்ட, 2003 வரையிலான தரவுகளை வெவ்வேறு நிறங்களில் சேர்த்த படம் அது. ஒரே இரவில் எடுத்ததல்ல.

சிட்டுக்குருவி விஷயத்தில் மாணவர்களோடு நீண்ட விவாதம் நடந்தது. செல்போன் கோபுரம்தான் குருவிகளைக் கொன்றது என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். நாடு முழுவதும் பறவை நோக்குவோர் சேர்த்த பதிவுகளைக் கொண்டு 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மொத்தத்தில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்கிறது. சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. கோபுரத்தைக் குற்றம் சொல்லச் சான்று இல்லை. ஓட்டு வீடுகளும் கூடு கட்டப் பொந்துகளும் போய்விட்டன, குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சி கிடைப்பதில்லை. கவலை நியாயமானது. கோபுரத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் கூட்டுக்கு இடம் கொடுக்கும் வேலை நடக்காமல் போகும்.

இதெல்லாம் வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் 2017ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கிரகணத்தால் உலக்கை நின்றதாக நம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, தடுப்பூசியை நம்பாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே புதிய ஆண்டில் உடல்நலச் செய்திகளுக்கு முதலிடம் தர வேண்டும், அதற்கு கிராம சுகாதார செவிலியரை மாதக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

"இன்றிரவு காஸ்மிக் கதிர்கள் பூமியைத் தாக்கும், செல்போனை அணைத்து வையுங்கள்" என்ற செய்திக்கு இன்னும் நல்ல செய்முறை கிடைக்கவில்லை. விண்வெளியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் அந்தக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் மியுவான் துகள்கள், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்–3 கருவித்தொகுதி இவற்றைத்தான் அளக்கிறது. அனுமதி கிடைத்தால் மாணவர்களை அங்கே அழைத்துப் போகலாம். பயணச் செலவுக்கு உறுப்பினர்கள் மனமுவந்து உதவ வேண்டும்.

மேசையும் ஒலிபெருக்கியும் தந்து உதவியவர்களுக்கும், வெயிலில் நின்று சோதனை செய்து காட்டிய மாணவிகளுக்கும் மன்றத்தின் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு, வரவு செலவை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.