பாட்டு தெரியாத விருந்தாளி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டு முடித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தினர் பாடகர். ஆனால் ஒருவர்கூட மற்றவர் முகத்தைப் பார்த்துப் பாடியதாகத் தெரியவில்லை. அவரவர் இருந்த இடத்திலிருந்து குரலை அனுப்ப, யாரோ உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள். அது போகட்டும். "விருந்தினர் என்றாலே விளம்பரம்தானே மாமா" என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே விட மனம் வரவில்லை.

அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் மேடைக் கச்சேரி ஆல்பமான 'லைவ் அட் ஃபில்மோர் வெஸ்ட்' கேட்டிருக்கிறாயா? 1971 மார்ச் 5, 6, 7 ஆகிய மூன்று இரவுகளில் சான்பிரான்சிஸ்கோவில் பதிவானது. பில் கிரஹாம் நடத்திய அந்த ஃபில்மோர் வெஸ்ட் அரங்கம் ராக் ரசிகர்களின் கோட்டை. ஹிப்பிக் கூட்டம், தேவாலயப் பாட்டின் சாயலில் பிறந்த கறுப்பின மக்களின் சோல் இசைக்குச் செவிசாய்க்குமா என்று தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லருக்கே உள்ளூர உதறல். எடுத்த எடுப்பில் அரீத்தா பாடுவது தன் புகழ்பெற்ற 'ரெஸ்பெக்ட்', அதுவும் ஸ்டூடியோப் பதிவைவிட வேகமாக. சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை இரவைப் பற்றி. அரீத்தா 'ஸ்பிரிட் இன் தி டார்க்' பாடிவிட்டு உள்ளே போகிறார். திரும்பி வரும்போது ரே சார்ல்ஸ் கூட வருகிறார். கச்சேரி கேட்க வந்தவர் அவர்! ஏதோ புதுமுகத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதுபோல் அரீத்தா வேடிக்கையாக அறிமுகம் செய்ய, அரங்கம் அதிர்கிறது. தேவாலயப் பாட்டின் அச்சில் காதல் பாட்டை வார்த்து, ஐம்பதுகளில் சோல் இசைக்கே வழிபோட்டவர்களில் ஒருவர் ரே. அரீத்தாவுக்கோ இன்னும் இருபத்தொன்பது நிறையவில்லை.

இதில் வேடிக்கை, ரேவுக்கு அந்தப் பாட்டு சரியாகத் தெரியாது. அரீத்தா அடியெடுத்துக் கொடுக்கிறார். ரே அதை வாங்கி, கொஞ்சம் பின்தங்கி, வளைத்து, தன் கரகரப்பில் தோய்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். பிறகு அரீத்தா அவரை மின்பியானோவில் உட்கார்த்திவிடுகிறார். விரல்கள் முதலில் சும்மா தடவிப் பார்க்கின்றன; பிறகு பிடி கிடைத்துவிடுகிறது. போதகர் மகளான அரீத்தாவுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல. தந்தையின் டெட்ராய்ட் தேவாலயத்தில் சிறுமியாகப் பாடி வளர்ந்தவர் அல்லவா. ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் அந்தப் பதிவில் பிசிறும் உண்டு, தயக்கமும் உண்டு. சீர்செய்கிறேன் என்று யாராவது கத்தரி வைத்திருந்தால் உயிரே போயிருக்கும்.

இத்தனையையும் தாங்கிப் பிடித்த குழுவுக்குத் தலைவர் சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸ். ஆர்கனில் பில்லி பிரெஸ்டன், டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி. மேடையில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நேரத்திலும் பர்டி பதறுவதே இல்லை. கர்ட்டிஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் கத்திக்குத்துக்குப் பலியானார். அதே இரவுகளில் பதிவான அவருடைய தனி ஆல்பத்தையும் தேடிப் பிடி.

மூன்று இரவுகளும் 2005இல் நான்கு குறுந்தகடுகளாக வெளிவந்தன. நீ முதலில் 1971இல் வந்த பத்துப் பாடல்களோடு நிறுத்திக்கொள். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதே; பர்டி காலால் அடிக்கும் பாஸ் டிரம்மின் கனத்த ஒலி அதில் காதில் விழவே விழாது.

அன்புடன்,
மாமா