கலரும் கோல்ட் ஸ்பாட்டும்

அன்பு மாப்ள,

நலமா? முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சின்னவள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வராததுதான் குறை.

வரவேற்பில் பார்த்த ஒன்று மனசிலேயே நிற்கிறது. கேட்டரிங்காரர்கள் கோலி சோடாவுக்குத் தனியாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். தலைப்பாகை கட்டிய பையன் கோலியைத் தட்டி இறக்க, மாப்பிள்ளையின் பெங்களூர் சிநேகிதர்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக் குடித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் கூட்டம் முழுக்க கோக் இருந்த பக்கம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இது தலைகீழாகத்தானே இருந்தது?

அப்போது வீட்டுக்கு ஆள் வந்தால், அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் காதில் சொல்வாள். சொந்தக்காரர் என்றால் நாலு கலர், அதாவது கலர் சோடா. அப்பாவின் ஆபீசர் என்றால் கோல்ட் ஸ்பாட் என்ற ஆரஞ்சுக் குளிர்பானம், அதுவும் ஐஸில் கிடந்ததாகப் பார்த்து. வெள்ளையடிக்க வரும் பெரியவருக்கு மோர், தனிச் சொம்பில். ஒருநாள் மிச்சமான கோல்ட் ஸ்பாட்டை அவரிடம் நீட்டினேன். சுண்ணாம்பு காய்ந்து வெடித்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, "அது ஐயாமாருக்கு உள்ளது தம்பி" என்றார். எல்லாம் சர்க்கரைத் தண்ணியும் கேஸும்தான். அதற்குள் இந்த உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது?

எனக்குத் தோன்றுவது, கோலி சோடா பாட்டிலில்தான் விஷயம் இருக்கிறது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிவிடும். திறந்தால் அங்கேயே குடித்து, பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படித் தெருவில் நின்று குடிப்பவர் யார்? மூட்டை தூக்குபவர், வண்டிக்காரர், பஸ்ஸுக்கு நிற்பவர். 'நல்ல குடும்பத்துப்' பெண்கள் நிற்க மாட்டார்கள். குடிக்கும் இடத்தின் மதிப்பே சோடாவின் மதிப்பாகிவிட்டது. கோல்ட் ஸ்பாட்டுக்கு ஐஸ் பெட்டி வேண்டும். அதனால் அது சினிமா தியேட்டரிலும் பெரிய கடைகளிலும் இருந்தது.

கோக் 1977-ல் நாட்டைவிட்டுப் போய் 1993-ல் திரும்பி வந்தபோது, அதைக் குடிப்பதே ஒரு கெத்து. அப்புறம் 2003 வாக்கில் 200 மில்லி பாட்டிலை 5 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பெட்டிக்கடைக்கும் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பாட்டில் பரவியதும் வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. எல்லார் கைக்கும் வந்த பிறகு வசதியானவர்களுக்கு அதில் என்ன பெருமை? மெல்ல மெல்லக் காணாமல் போன கோலி சோடா அவர்களுக்கு 'பாரம்பரியம்' ஆகிவிட்டது.

பொவண்டோவையும் சொல்லணும். 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் குளிர்பானம். ஹாஸ்டலில் நீ அதை வாங்கி வைத்திருந்ததைப் பார்த்து அந்த மெட்ராஸ் பையன்கள் "பஸ் ஸ்டாண்டு கோலா" என்று சிரித்தார்களே, எனக்கு இன்னும் அது ஆறவில்லை. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்ததும், கார் வைத்திருப்பவர்கள்கூட இறங்கி வந்து பொவண்டோ கேட்டார்கள். என் நாக்குக்கு அன்றும் இன்றும் ஒரே ருசிதான். ஹாஸ்டலில் அன்று உன்னோடு சேர்ந்து நான் ஒரு வாய் குடித்திருக்க வேண்டும், மாப்ள. குடிக்கவில்லை. அது எனக்கு வருத்தம்.

அந்தப் பெரியவரின் மகன் இப்போது பெயின்ட் காண்ட்ராக்ட் எடுக்கிறார். குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வந்திருந்தார். கோலி சோடா குடிங்களேன் என்றேன். "சோடா நிறையக் குடிச்சாச்சுண்ணே, பிள்ளைங்களுக்குக் கோக் போதும்" என்றார். நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன். பெரியவர் தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறதாம்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. தங்கச்சியையும் கூட்டி வா. பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருக்கிறேன், ரெண்டு பொவண்டோ வாங்கி வைத்துக்கொண்டு.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்