பத்துப் பேருக்குக் கீழே

திருப்பூர்

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நன்றாக முடிந்ததில் மகிழ்ச்சி. வர முடியாமல் போனதற்கு மூட்டுவலிதான் காரணம்.

இங்கே சிறு பனியன் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் உரிமைக்காக உங்கள் அறக்கட்டளை பணம் ஒதுக்கப்போகிறது, எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். என் பதில் உங்கள் நிர்வாகக் குழுவுக்குப் பிடிக்காது. பயிற்சி முகாமுக்குக் கொடுக்காதே. ஊருக்குள் உட்காரும் ஓர் ஆளுக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம் கொடு.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறார்கள். தீயணைப்புக் கருவி சுவரில் தொங்கும், கழிப்பறை பளபளக்கும். வேலையில் ஒரு பங்கோ சந்துக்குள் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போய்விடும். ஆறு மெஷின், துணி மடித்துக் கொடுக்க இரண்டு கைமடி ஆள், ஓர் அயர்ன் மேசை. ஆக ஒன்பது பேர். பத்துப் பேர் இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. காப்பீடு, இருபது பேர் இருந்தால்தான் பி.எஃப். சேமநிதி. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். புதிய சட்டத் தொகுப்பு அதை இருபதாக்கிவிட்டது. ஒரே கட்டடத்தில் ஒரே முதலாளிக்கு மூன்று பெயர்ப்பலகை எதற்கு என்று இனி உனக்குப் புரியும்.

குறைந்தபட்சக் கூலிக்கு இந்த ஆள்கணக்கு கிடையாது. ஆனால் மனு எழுதுவது யார்? யார் எத்தனை பீஸ் தைத்தார் என்ற கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது, நோட்டு கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது. கட்டிங் மெஷினில் விரல் போனால் இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம். அதற்கு முதலில் அங்கே வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் எதைக் காட்டுவான்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். இரண்டாவது வாய்தாவுக்குள் அவன் ரயிலேறியிருப்பான். ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீக்கடையில் இருக்கிற, ஒடியாவும் இந்தியும் பேசுகிற, வாரா வாரம் அந்த நோட்டைப் படமெடுத்து வைக்கச் சொல்லித் தருகிற ஓர் ஆள் இங்கே வேண்டும். மண்டபத்தில் ஒரு நாள் பேசிவிட்டுப் போகிறவரால் இது ஆகாது.

இதற்குப் பணம் கிடைப்பதுதான் அரிது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் தையல் பயிற்சிக்குக் கேட்டால் தருவார்கள். தைத்ததற்குக் கூலி கேட்கப் பணம் வேண்டும் என்றால் முகம் மாறிவிடும். உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தொகையை எண்ணிக் கணக்குப் போடாதே. 2020இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. உள்ளூர் நன்கொடை எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் திட்டமிடு.

பட்டறைக்காரரை வில்லனாக்கியும் அறிக்கை எழுதிவிடாதே. அவர்களில் பலர் நேற்றுவரை டைலர்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கம்பெனி இழுத்தடித்தால் சனிக்கிழமைக் கூலிக்கு இவர் வட்டிக்கு வாங்குகிறார். அந்தப் பாக்கியை வசூலிக்க மனுப் போட உதவுவதும் தொழிலாளர் உரிமை வேலைதான் என்பேன். நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இன்னொன்று. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. எந்த அறக்கட்டளையும் அதை நடத்தவில்லை. உங்கள் ஆள் தொழிற்சங்கத்துக்குப் போட்டியாகக் கடை விரித்தால் இங்கே ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் ‘பயனடைந்தோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பார். ஆண்டு முழுக்க அலைந்து நான்கு பேருக்கு இழப்பீடு வாங்கித் தந்தவர், பிரியாணி போட்டு நானூறு பேரைக் கூட்டியவரிடம் அந்தக் கட்டத்தில்தான் தோற்கிறார்.

வந்த விண்ணப்பங்களை எனக்கு அனுப்பு; யார் சந்துக்குள் நடப்பவர் என்று குறித்துத் தருகிறேன். நேரில் பார்க்க வேண்டுமானால் தீபாவளி போனஸ் பட்டுவாடாவுக்கு முன்பே வந்துவிடு. அதன் பிறகு ஊரில் பேச ஆள் இருக்காது.

அன்புடன்,
கதிரேசன்