அட்டையைத் தாண்டிப் படித்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், மனித உருவில் வரும் கொலை இயந்திரத்தின் கதையான ‘டெர்மினேட்டர்’ ஹாலிவுட் படங்களைப் பற்றிய நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்களை நன்றாகவே அலசியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: “இந்தப் படங்களை ஒட்டி வந்த நாவல்கள் எல்லாம் வசனத்தைப் பிரதியெடுத்து அட்டை போட்டவை.” எழுதியவர் அதில் எத்தனை படித்தார் என்று கேட்கமாட்டேன். அவரைச் சங்கடப்படுத்துவானேன்?

1984இல் வந்த முதல் படத்தை ராண்டல் ஃபிரேக்ஸும் பில் விஷரும் நாவலாக்கினார்கள். விஷர் அந்தப் படத்துக்கே கூடுதல் வசனம் எழுதியவர் என்பது தாங்கள் அறியாததல்ல. தன் வசனத்தைத் தானே எழுதினால் அதுவும் பிரதியா? சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எஸ். எம். ஸ்டிர்லிங் எழுதிய ‘இன்ஃபில்ட்ரேட்டர்’ எதைப் பார்த்துப் பிரதியெடுத்தது? இரண்டாம் படம் முடிந்து பத்து வருஷம் கழித்து, 2001இல் வந்த நாவல் அது. படங்களின் நாயகி சாரா கானர் மகனோடு தென் அமெரிக்காவின் பராகுவேயில் ஒளிந்து வாழ்கிறாள். பக்கத்துப் பண்ணைக்கு ஒருத்தன் வந்து சேர்கிறான். முகம் அச்சு அசலாக அந்தக் கொலை இயந்திரத்தின் முகம்! பாவம், அவன் மனிதன்தான். அவனைப் பார்த்துத்தான் பின்னால் இயந்திரத்துக்கு முகம் செய்திருக்கிறார்கள். இது எந்தப் படத்தில் வருகிறது, ஐயா?

முப்பது வருஷம் நூற்பாலையில் பிட்டராக இருந்தவன் நான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் கையை விட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இயந்திரத்துக்குக் கோபம் கிடையாது, அது பாட்டுக்கு ஓடும், அதுதான் பயம். உக்கடம் பழைய புத்தகக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கிய அந்த நாவலை, நைட் ஷிப்டில் டீ நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தப் பயம் அதில் இருந்தது. வெறும் அட்டையைப் படித்து எனக்கு வியர்க்கவில்லை.

இன்னொன்று. முதல் படம் தன் கதையிலிருந்து எடுத்தது என்று எழுத்தாளர் ஹார்லன் எலிசன் சண்டைக்கு வந்தார். சமரசம் ஆகி, படத்தின் பெயர்ப் பட்டியலில் அவருடைய எழுத்துக்கு நன்றி சேர்த்தார்கள். அவர் சொன்னது 1964இல் தொலைக்காட்சிக்கு எழுதிய கதையை. யார் யாரைப் பிரதியெடுத்தது என்று உங்கள் கட்டுரையாளர் நிதானமாக யோசிக்கட்டும்.

தங்கள் இதழில் இப்படித் தவறு வருவது புதிதும் அல்ல. இரண்டாம் படத்தில், இயந்திரங்களால் மனித குலத்துக்கு வரும் அழிவு நாளாகச் சொல்லப்படுவது 1997 ஆகஸ்ட் 29. முன்பு ஒரு முறை வேறு ஏதோ வருஷம் போட்டிருந்தீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அறிவியல் புனைகதைப் பக்கத்தை நிறுத்தினீர்கள். அதற்கும் எழுதினேன். இடமில்லை என்று கார்டு வந்தது. ராசிபலன் மட்டும் அரைப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக வளர்ந்திருக்கிறது. என் ராசிக்கு அந்த வாரம் ‘வீண் விவாதம் தவிர்க்கவும்’ என்று போட்டிருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். கட்டுரையோடு ‘இன்ஃபில்ட்ரேட்டர்’ அட்டைப் படத்தைப் போட்டு, கீழே ‘முதல் படத்தின் நாவல் வடிவம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடவும். கடிதத்தைச் சுருக்குவதானால் ராசிபலனைப் பற்றியதை வெட்டிக்கொள்ளலாம். ஸ்டிர்லிங்கின் பெயரை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் பிட்டர்,
கோயம்புத்தூர்.