அக்கா, உன் கறுப்புக் கோட்டுக் கை

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது, "அந்தக் கிறிஸ்துமஸ் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லைடா, சறுக்கு வண்டி மட்டும் லேசாக நினைவிருக்கு" என்றாய். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்போது உனக்கு 12 வயது, எனக்கு 7. என்னிடம் அந்த நாள் அப்படியே இருக்கிறது. உனக்கும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. விடிந்து எழுந்தால் தெருவில் ஒரு சத்தம் இல்லை. புதுப் பனிக்குள் காற்று நிறைய அடைபட்டிருக்கும், அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு, எல்லோரும் எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார்கள், நம்மை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று பயந்து அழப் பார்த்தேன். நீதான் திரையை விலக்கி, என்னைத் தூக்கி ஜன்னல் கட்டையில் உட்கார வைத்தாய்.

அந்த மாதம் முழுக்க அப்பாவுக்கு இரவு வேலை. காலையில் வந்தால் படுத்துவிடுவார், நாம் வீட்டுக்குள் கால் விரலில் நடப்போம். அன்று அவர் படுக்கவில்லை. வாசலிலேயே நின்று ஒரு கை பனியை அள்ளி இறுக்கிப் பிடித்தார். விரலைத் திறந்ததும் மாவு மாதிரி உதிர்ந்தது. "பொம்மை பிடிக்க வராது. கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஒட்டும். இன்றைக்குச் சறுக்கத்தான் சரி" என்றார். அப்புறம் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலிருந்த இரண்டு இரும்புப் பட்டைகளிலும் மெழுகுவத்தித் துண்டை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தேய்க்கும் வேலையை நீயும் கேட்டு வாங்கிக்கொண்டாய். மெழுகு வாசனையோடு உன் கையுறை அன்று முழுக்க மணத்தது.

மேட்டில் முதல் தடவை வண்டி பாதியிலேயே புதைந்து நின்றுவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. "முதல் நடை அப்படித்தான். பாதை விழட்டும்" என்றார் அப்பா. அவர் சொன்னபடியே, போகப் போகப் பனி அமுங்கி இறுகியது. ஐந்தாவது நடையில் வண்டி பறந்தது.

அம்மா வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். மேட்டின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். நீ சத்தமில்லாமல் பின்னால் போய் அவளைப் பிடித்து வண்டியில் உட்கார வைத்து, என்னையும் மடியில் ஏற்றிவிட்டுத் தள்ளிவிட்டாய். அம்மா கத்தினாள் பார், மேலிருந்து கீழே வரை ஒரே மூச்சில்! என் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம், வயிற்றோடு சேர்த்து என்னை இறுக்கிய அந்தக் கை. கடைசியில் வண்டி குடைசாய்ந்து இரண்டு பேரும் உருண்டோம். அம்மாவின் சால்வை ஒரு பக்கம், ஒரு செருப்பு மாதிரி தனியாகக் கழன்ற கையுறை இன்னொரு பக்கம். அப்பா பதறி ஓடி வரும்போது அவரும் வழுக்கி உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். அம்மா மல்லாந்து கிடந்து சிரித்தாள். வாயைப் பொத்தாமல், யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் அவள் சிரித்ததை நான் முதல் முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி நீ மறந்துவிட்டதாகச் சொன்ன பகுதி.

ஒரு மாதமாக, "உனக்கு என்கிட்ட ஒரு பரிசு இருக்கு" என்று சொல்லி வந்தாய். மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியபோது, "அது எங்கே?" என்று கேட்டேன். நீ பேசவில்லை. வாங்கக் காசு சேரவில்லை என்பதை நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து மறுபடி பனி விழத் தொடங்கியது, மெல்ல, ஒவ்வொன்றாக. நீ சட்டென்று பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாய். கைப்பிடி விரிசல் விட்டு, நீ நூல் சுற்றி வைத்திருந்தாயே, அதுதான். உன் கறுப்புக் கோட்டுக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மூச்சு விடாதே" என்றாய்.

கம்பளி இழை ஒன்றின் மேல் ஒரு நட்சத்திரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஆறு கைகள். ஒவ்வொரு கையிலும் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகள், பெரணி இலை மாதிரி. ஒரு கை மட்டும் நுனி ஒடிந்திருந்தது. நான் அடக்க முடியாமல் மூச்சை விட்டேன், அது சுருங்கி ஒரு துளி நீராகி இழையில் தொங்கியது. "இதுதான் உனக்கு. இன்னொன்று பார்க்கலாம் வா" என்றாய். 11 எண்ணினோம்.

கெப்லர் என்ற பழைய வானியல் அறிஞரைப் பற்றி எங்கேயோ படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. பிராக் நகரில் ஒரு பாலத்தைக் கடக்கிறார். நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக என்ன கொடுப்பது என்ற யோசனை. கோட்டின் மேல் பனி விழுகிறது, எல்லாமே ஆறு முனை. ஏன் எப்போதும் ஆறு என்று யோசித்து எழுதி, 1611-இல் அதையே நண்பருக்குப் பரிசாக்கினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. உறையும்போது நீர் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கோத்துக்கொள்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். அவருக்கு முதல் நுண்ணோக்கியைக் கொடுத்தது அவருடைய அம்மா. 1885-இல் தொடங்கி 5,000-க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம் பிடித்தார். அவரும் கறுப்புப் பலகையில்தான் பனியைப் பிடித்தார், அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தார். இதெல்லாம் தெரியாமல், 12 வயதில், கையில் காசில்லாமல் நீ செய்த காரியம் அது.

நாம் திரும்பிப் பார்த்தபோது அப்பா வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் பனி. அம்மா உதட்டில் விரலை வைத்து நம்மை அடக்கிவிட்டு, எழுப்பாமல் தன் சால்வையை அவருக்குப் போர்த்தினாள். கொஞ்ச நேரம் நாலு பேரும் அப்படியே இருந்தோம். பிறகு வண்டியின் கயிற்றை நீ ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, சமதரையில் அவரை மெதுவாக இழுத்துப் போனீர்கள். நான் பின்னால் தள்ளினேன். பாதி வழியில் விழித்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் இறங்கவில்லை.

பூதக்கண்ணாடி இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது. இன்று தனியாக அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். நூலைப் பிரிக்கவில்லை, நீ சுற்றியபடியே இருக்கிறது. உன் மகளுக்கு இந்த டிசம்பரில் 7 முடிகிறது அல்லவா? அடர்ந்த நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு போட்டுக்கொள். கோட்டு வெளியே கொஞ்ச நேரம் குளிரட்டும், சூடான துணியில் விழுந்தால் உடனே உருகிவிடும். மூச்சைப் பக்கவாட்டில் விடச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி