கூரையைப் பார்க்காமல் வந்துவிட்டார்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் மேனர் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். கவிஞரும் வடிவமைப்புக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் 1871இல் ஓவியர் ரோசெட்டியோடு சேர்ந்து அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்த கதை, அறைகளில் தொங்கும் சித்திரத் துணிகள், தோட்டம் எல்லாம் வந்திருந்தன. வீடுதான் வரவில்லை. கூரைக்குக் கிடைத்தது ஒரே வரி: பழைய ஓடுகள், ஒழுங்கில்லாத அளவுகளில்.

ஐயா, அது ஓடே இல்லை, கல். 1600 வாக்கில் அதைக் கட்டியவர்கள் சுவருக்கு மட்டுமல்ல, கூரைக்கும் சுண்ணாம்புக்கல்லைத்தான் போட்டார்கள். வீடு இருக்கும் அதே ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் கூரைக்கல் எடுத்த விதம் சுவையானது. வெட்டிய பாளங்களைக் குளிர்காலத்தில் ஈரம் காயாமல் வெட்டவெளியில் போட்டுவைப்பார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிரிந்துகொடுக்கும். பிறகு தலைப்பில் ஒரு துளை, அதில் ஓக் மர முளைக்குச்சி. ரீப்பரில் மாட்ட வேண்டியதுதான்.

அளவில் ஒழுங்கில்லையா? இறவாரத்தில் பெரிய கல். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே மிகச் சிறியவை. கூரையில் விழும் மழையெல்லாம் கீழ் விளிம்புக்குத்தான் வந்து சேரும். அங்கே இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சிறு துண்டுகளும் வீணாகாமல் மேலே போய்விடும். மோரிஸே இந்த அடுக்கை மீன் செதிலுக்கும் பறவை இறகுக்கும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

கரடுமுரடான கல்லில் நீர் தேங்கக் கூடாது. அதனால்தான் அந்தச் செங்குத்தான சரிவு. சரிவு அதிகமானதால் உள்ளே பரணும் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்கு வந்துவிட்டது. முக்கோண முகப்புகளில் இருக்கும் சன்னல்கள் அந்தப் பரணுக்கு வெளிச்சம் தருபவை. ஒரு காலத்தில் பண்ணையாட்கள் படுத்துறங்கிய இடம் அது. கட்டுரையாளர் கடைசிப் படிக்கட்டு ஏறவில்லை போலும்.

இதையெல்லாம் விட்டுவிடலாம். இத்தகைய சுவர்களின் இணைப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தால் நீடித்து நிற்கும் என்று போகிறபோக்கில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாரே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. சுவர் குடித்த ஈரம் அதன் வழியாக வெளியேறும். அரிபட்டால் சாந்துதான் அரிபடும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள்ளேயே நின்று, உறைபனியில் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று பழங்கட்டடங்களைச் சுரண்டியவர்களை எதிர்த்து 1877இல் சங்கமே தொடங்கியவர் மோரிஸ். அவர் வீட்டைப் பற்றிய கட்டுரையிலா இந்த யோசனை!

அட்டைப்படத்தில் கூரையின் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. முழுப்படம் கைவசம் இருந்தால் அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்